யாரும் பயப்பட வேண்டாம்!

2012 ஏப்ரல் 11. மதியம் இரண்டு மணி தாண்டி கொஞ்ச நேரம். சாப்பாட்டுக்கு அப்புறம் ஆபீஸே அரைத் தூக்கத்தில் இருந்தது. என் சுழல் நாற்காலி தானாக ஓர் அங்குலம் நகர்ந்தது. மேஜை மேல் இருந்த பாட்டிலுக்குள் தண்ணீர் ஆடியது. யாரோ 'பூகம்பம்' என்று கத்த, ஐந்தே நிமிஷத்தில் மொத்தக் கட்டடமும் தெருவுக்கு வந்துவிட்டது. ஆளாளுக்கு செல்போனை காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். லைன்தான் கிடைக்கவில்லை. எதிர் டீக்கடைக்காரர் மட்டும் நிதானமாக, "எத்தனை ரிக்டர் சார்?" என்று கேட்டுக்கொண்டே டீ ஆற்றினார்.

ரிக்டர் கணக்கு எட்டைத் தாண்டியிருந்தது. சுமத்ராவுக்கு மேற்கே, கடலுக்கடியில், 8.6. சுனாமி வரலாம் என்றார்கள். மெரினாவை காலி செய்யச் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் 'ஒன்றுமில்லை, அவரவர் வேலையைப் பார்க்கலாம்' என்று செய்தி வந்துவிட்டது.

அன்று ராத்திரி என் ஆடிட்டர் நண்பன் போன் செய்தான். நானும் அவனும் ஒரே வகுப்பில் பி.காம். படித்தவர்கள். அவன் மேலே போனான், நான் பத்திரிகைக்கு வந்தேன். "வராத சுனாமிக்கு என் ஆபீஸ்ல அரை நாள் வேலை போச்சுடா. இந்த நஷ்டத்தை எந்தக் கணக்குல எழுதறது?" என்றான். ஏப்ரல் மாதம். ஆடிட்டர்களுக்கு அது என்ன காலம் என்பது உங்களுக்குத் தெரியும்.

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். எனக்கு அந்தக் கேள்வி இன்னும் விளையாட்டாகப் படவில்லை. நடந்த விபத்துக்குக் கணக்கு உண்டு. இத்தனை பேர், இத்தனை கோடி என்று எழுதிவிடலாம். நடக்காமல் போன விபத்துக்கு எந்தப் பத்தியில் என்ட்ரி போடுவது?

முதலில் அந்த சுனாமி ஏன் வரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26-ல் சுமத்ரா பக்கத்தில் கடல் தரை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு மேலே எகிறியது. மேலிருந்த கடலையும் சேர்த்துத் தூக்கியது. 2012-ல் உடைந்தது வேறு மாதிரி. இரண்டு பாறைப் பாளங்கள் பக்கவாட்டில் உரசிக்கொண்டு நகர்ந்தன. இழுப்பறையை அடியிலிருந்து தூக்குவதற்கும், பக்கவாட்டில் இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம். இரண்டாவதில் தண்ணீர் பெரிதாகக் கிளம்பாது. எங்கே, எவ்வளவு பெரிய பூகம்பம் என்று நில அதிர்வுக் கருவிகள் சில நிமிஷங்களில் சொல்லிவிடும். தரை எப்படி நகர்ந்தது என்பதற்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். அலை கிளம்பியதா என்பதைக் கடலில் மிதக்கும் கருவிகளும் துறைமுக அளவுகோல்களும்தான் உறுதிப்படுத்த வேண்டும். அந்த இடைப்பட்ட நேரத்தில் மணி அடிப்பதா, வேண்டாமா? அடித்தார்கள். 2007 அக்டோபரிலிருந்து ஹைதராபாத்தில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. 

2004-ல் அது இல்லை. அன்று காலை 6.29-க்கு பூமி உடைந்தது. சென்னையிலேயே கட்டில் ஆடி எழுந்தவர்கள் உண்டு. வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போய் காபி குடித்தார்கள். அலை நம் கரைக்கு வந்தபோது மணி ஒன்பதை நெருங்கிவிட்டது. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஹவாயில் பசிபிக் கடலுக்கான சுனாமி எச்சரிக்கை மையம் பதினைந்து நிமிஷத்தில் பூகம்பத்தைக் கண்டுபிடித்து 8.0 என்று கணக்குப் போட்டது. ஒரு மணி நேரத்தில் அதை 8.5 ஆக்கியது. நிஜ அளவு 9.1 என்பது பிறகு வந்த கணக்கு. கருவி எழுதிவிட்டது. ஆனால் இந்தியப் பெருங்கடல் பக்கம் அதைச் சொல்ல ஓர் அமைப்பு கிடையாது.

இந்த இரண்டரை மணி நேரம் என்பது எங்கே போனாலும் என்னைத் துரத்துகிறது. கொலம்பியாவில் ஆர்மேரோ என்று ஓர் ஊர் இருந்தது. அங்கேயும் இதே இரண்டரை மணி நேரம்தான்.

நெவாடோ டெல் ரூயிஸ் என்பது ஐயாயிரத்து முந்நூறு மீட்டர் உயர மலை. தலையில் பனி, வயிற்றில் நெருப்பு. 1984 நவம்பரிலிருந்தே லேசாக அதிர ஆரம்பித்தது. மலையில் நில அதிர்வுக் கருவிகள் வைக்கவே அடுத்த வருஷம் பாதி ஆகிவிட்டது. 1985 செப்டம்பரில் நீராவி வெடிப்பு. அக்டோபர் ஆரம்பத்தில் விஞ்ஞானிகள் அபாய வரைபடம் ஒன்றைத் தயாரித்துவிட்டார்கள். மலை வெடித்தால் பனி உருகும். அது சாம்பலோடு சேர்ந்து சேறாகி ஆற்று வழியாக இறங்கும். இறங்கினால் எங்கே போகும் என்பதெல்லாம் அதில் இருந்தது. ஆர்மேரோ அந்த வழியில்தான் இருந்தது. 1845-லும் இதே மலையின் சேறு இதே இடத்தில் சுமார் ஆயிரம் பேரை மூடியிருக்கிறது. அந்தச் சேறு காய்ந்த மண்ணின் மேல்தான் ஆர்மேரோவையே கட்டியிருந்தார்கள். நல்ல விளைச்சல் பூமி.

'சும்மா பீதியைக் கிளப்புகிறார்கள்' என்று வரைபடத்தைத் திட்டினார்கள். நவம்பர் 13 மதியம் ஊரில் சாம்பல் விழுந்தது. பயப்படாமல் வீட்டுக்குள் இருங்கள் என்றே ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது. சாயங்காலம் மழை. மலை உச்சியை மேகம் மூடிவிட்டது. ராத்திரி ஒன்பது மணிக்கு மலை வெடித்தது. எரிமலைக் கணக்கில் அது சின்ன வெடிப்புதான். ஆனால் பனி உருகிச் சேறு இறங்கியது. ஆர்மேரோவை அது தொட்டபோது மணி பதினொன்றரை. அந்த ஒரு ராத்திரியில் செத்தவர்கள் சுமார் 23,000 பேர், பெரும்பாலும் ஆர்மேரோக்காரர்கள். பக்கத்து மேட்டுக்கு நடந்து போயிருந்தால் போதும். இடிபாட்டில் கழுத்தளவு தண்ணீரில் மூன்று நாள் சிக்கிக்கொண்டு கேமராவைப் பார்த்த ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணின் புகைப்படத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை.

பாரி வோய்ட் என்கிற அமெரிக்கப் பேராசிரியர் பின்னாளில் இந்தச் சம்பவத்தை ஒரு தணிக்கையாளர் மாதிரி அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்து எழுதினார். கருவியோ விஞ்ஞானமோ பொய்க்கவில்லை, மனிதர்களின் தயக்கமும் அதிகாரிகளின் குறுகிய பார்வையும்தான் காரணம் என்பது அவர் முடிவு. ஊரைக் காலி செய்து, மலை வெடிக்காமல் போய்விட்டால் ஆகும் செலவையும் கெட்ட பெயரையும் ஏற்க யாருக்கும் மனசில்லை.

என் ஆடிட்டர் நண்பனின் கேள்வியேதான், இல்லையா?

இதில் அதிகாரிகளை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 1976-ல் கரீபியத் தீவான குவாதலூப்பில் லா சூஃப்ரியேர் என்ற எரிமலை உறும ஆரம்பித்தது. பக்கத்துத் தீவான மார்த்தினீக்கில் 1902-ல் எரிமலை வெடித்து ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் செத்த ஞாபகம் பிரெஞ்சுக்காரர்களுக்கு மறக்கவில்லை. எழுபதாயிரம் பேரை மாதக்கணக்கில் வீட்டை விட்டு வெளியேற்றி வைத்தார்கள். பெரிய வெடிப்பு வரவேயில்லை. 'தேவையே இல்லை' என்று சொன்ன விஞ்ஞானிக்கும் 'தேவைதான்' என்று சொன்ன விஞ்ஞானிகளுக்கும் பாரீஸில் நடந்த சண்டை எரிமலையை விடச் சூடாக இருந்தது.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் சுவாரசியம். கலிஃபோர்னியாவில் மாமத் லேக்ஸ் என்று பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் பேர்போன ஊர். 1980-ல் அங்கே அடுத்தடுத்து பூகம்பங்கள். தரையும் மெல்ல உப்ப ஆரம்பித்தது. 1982 மே மாதம் அந்நாட்டு புவியியல் ஆய்வுத் துறை, அதாவது யு.எஸ்.ஜி.எஸ்., எரிமலை அபாயம் இருக்கலாம் என்று ஓர் அறிவிப்பு விட்டது. அவ்வளவுதான், வீட்டு மனை விலை சரிந்தது, சுற்றுலாக்காரர்கள் வரத்து குறைந்தது. கடுப்பான ஊர்க்காரர்கள் யு.எஸ்.ஜி.எஸ். என்பதற்கு 'யு.எஸ். கெஸ் சொஸைட்டி' என்று விளக்கம் கொடுத்தார்கள். நம்ம பாஷையில் 'குத்துமதிப்புச் சங்கம்'. ஊரிலிருந்து அவசரத்துக்கு வெளியேற இரண்டாவதாக ஒரு சாலை போட்டார்கள். 'தப்பிக்கும் வழி' என்று பேர் இருந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று, 'இயற்கைக் காட்சிச் சாலை' என்று மாற்றினார்கள். இன்று வரை அங்கே எரிமலை வெடிக்கவில்லை. சாலை இருக்கிறது. காட்சியும் நன்றாகத்தான் இருக்கிறதாம்.

சரி, மலைக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே உட்கார்ந்துகொண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கருவி ரொம்ப எளிமையானது. கனமான ஒரு எடையை ஸ்பிரிங்கில் தொங்கவிடுங்கள். தரை ஆடும், எடை சோம்பேறித்தனமாக அதே இடத்தில் நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பேனா சுழலும் உருளையில் கோடு கோடாக எழுதும். இப்போது பேனா போய் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அந்தப் பழைய காகிதங்களின் படங்களைப் பார்க்கும்போது எனக்கு லெட்ஜர் ஞாபகம்தான் வரும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். சும்மா இருந்தால் நேர்கோடு. ஏதாவது நடந்தால் என்ட்ரி.

அந்த என்ட்ரிகளைப் படிப்பதில்தான் வித்தை இருக்கிறது. எரிமலைக்கு அடியிலிருந்து பாறைக் குழம்பு மேலே வர வேண்டுமானால் வழியில் உள்ள பாறையை உடைத்துக்கொண்டுதான் வர வேண்டும். அப்படி உடையும்போது 'படக்' என்று கூர்மையாக ஒரு அதிர்வு பதிவாகும். இன்னொரு வகை, மெதுவாக ஊஞ்சல் மாதிரி ஆடுவது. இது உடையும் சத்தம் இல்லை. விரிசலுக்குள் வாயுவும் குழம்பும் சிக்கி அழுத்தம் ஏறும்போது வரும் ரீங்காரம். காலையில் மோட்டார் போட்டதும் குழாய்க்குள் காற்றும் தண்ணீரும் கலந்து ஒரு உறுமல் வருமே, அந்தக் குடும்பம். பெர்னார்ட் ஷூவே என்ற விஞ்ஞானி இந்த இரண்டாவது வகைதான் முக்கியம், இது கூடினால் உள்ளே அழுத்தம் கூடுகிறது என்று அர்த்தம் என்று தொடர்ந்து சொல்லி வந்தார்.

அவர் சொன்னதை எல்லோரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கொலம்பியாவிலேயே கலேராஸ் என்று இன்னொரு எரிமலை. அங்கே இந்த மெதுவான அதிர்வுகள் ஒரு விசித்திர வடிவத்தில் பதிவாயின. பளிச்சென்று ஆரம்பித்து, நிதானமாகத் தேய்ந்து, நீண்ட வால் விட்டு அடங்கும். காகிதத்தில் பார்த்தால் அச்சு அசல் திருகாணி. ஸ்பானிஷில் 'டோர்னீயோ' என்று திருகாணி என்றே பேர் வைத்துவிட்டார்கள். 1992 ஜூலையில் மலை வெடிப்பதற்கு முன்னால் திருகாணிகள் வந்திருந்தன. 1993 ஜனவரியில் மறுபடி சில. எண்ணிக்கை குறைவு. மலை மேலுக்கு அமைதியாக இருந்தது. பக்கத்து ஊரான பாஸ்டோவில் எரிமலை விஞ்ஞானிகளின் மாநாடு நடந்துகொண்டிருந்தது. ஜனவரி 14-ம் தேதி ஒரு குழு எரிமலை வாய்க்குள்ளேயே இறங்கியது. வெடித்தது. ஆறு விஞ்ஞானிகளும், வேடிக்கை பார்க்க வந்த மூன்று பேரும் செத்தார்கள். அந்தச் சில திருகாணிகளை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று வருஷக்கணக்கில் சண்டை நடந்தது. அது மரியாதையான சண்டை இல்லை.

எரிமலை நிபுணர்களையே எரிமலை கொல்லும் என்பதற்கு இன்னொரு ஜோடியையும் சொல்லியாக வேண்டும். மோரீஸ், காட்டியா கிராஃப்ட். பிரெஞ்சுக்காரர்கள், கணவன் மனைவி. உலகத்தில் எந்த எரிமலை வெடித்தாலும் கேமராவோடு போய் நிற்பார்கள். ஆர்மேரோ அவர்களை உலுக்கிவிட்டது. எரிமலை என்னவெல்லாம் செய்யும் என்று சாதாரண ஜனங்களுக்கும் மந்திரிகளுக்கும் புரிகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்தார்கள். 1991 ஜூன் 3-ல் ஜப்பானின் உன்சென் எரிமலையில் இறந்துபோனார்கள். அவர்களோடு சேர்த்து 43 பேர். அந்த வீடியோ அப்போது ஃபிலிப்பைன்ஸில் போட்டுக் காட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

ஃபிலிப்பைன்ஸின் பினடூபோ ஐந்நூறு வருஷமாகத் தூங்கிய மலை. காடு மூடி, எரிமலை என்றே ஜனங்களுக்குத் தெரியாது. 1991 ஏப்ரல் 2-ல் அதிலிருந்து நீராவி பீறிட்டது. மலைவாசிகள் சொல்லித்தான் தலைநகரத்துக்கே விஷயம் போனது. அந்நாட்டு எரிமலை ஆய்வு நிறுவனத்தின் தலைவர் ரேமுண்டோ புனோங்பயான் உடனே ஆளை அனுப்பினார். மாதக் கடைசிக்குள் அமெரிக்காவிலிருந்து கிறிஸ் நியூஹால் தலைமையில் ஒரு சின்னக் குழு பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்தது. ஆர்மேரோ சாவுகளுக்குப் பிறகு, 1986-ல், இப்படி எந்த நாடு கூப்பிட்டாலும் கருவிகளோடு ஓடுவதற்கென்றே அமெரிக்கா ஆரம்பித்த குழு அது. மலையைச் சுற்றி ஏழு இடங்களில் அதிர்வுக் கருவிகளை நட்டார்கள். ரேடியோ மூலம் தகவல் வந்துகொண்டே இருக்கும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன அதிர்வுகள்.

பக்கத்தில் அமெரிக்காவின் பிரம்மாண்டமான கிளார்க் விமானப்படைத் தளம். அங்கிருந்த அதிகாரிகளுக்கு இந்த விஞ்ஞானிகள் மேல் பெரிய நம்பிக்கை இல்லை. எப்போது வெடிக்கும்? தெரியாது. வெடிக்குமா? சொல்ல முடியாது. ராணுவத்தில் இந்த மாதிரி பதில்களுக்கு மரியாதை கிடையாது. அப்போதுதான் ஒன்றிலிருந்து ஐந்து வரை படிநிலை போட்டு, ஒவ்வொன்றுக்கும் தெளிவாக அர்த்தம் சொன்னார்கள். கூடவே கிராஃப்ட் தம்பதியின் வீடியோ. பார்த்தவர்களுக்கு முகம் மாறியது. 

மே கடைசியில் மலையிலிருந்து வரும் கந்தக வாயு நாளொன்றுக்கு 5,000 டன்னைத் தாண்டியது. பிறகு ஜூன் முதல் வாரத்தில் திடீரென்று சில நூறு டன்னாக இறங்கிவிட்டது. நானாக இருந்தால் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பேன். அவர்கள் பயந்தார்கள். குக்கரில் விசில் சத்தம் திடீரென்று நின்றால், அரிசி வெந்துவிட்டது என்று சந்தோஷப்படுவீர்களா, துவாரம் அடைத்துக்கொண்டது என்று ஓடுவீர்களா? அதிர்வுகளும் பாறைக் குழம்பு மேலே ஏறுவதைக் காட்டின. ஜூன் 7-ல் நாலாவது படி, 9-ம் தேதி ஐந்தாவது. பத்தாம் தேதி காலை கிளார்க்கிலிருந்து பதினாலாயிரம் பேருக்கு மேல் வண்டி வண்டியாகக் கிளம்பினார்கள். பன்னிரண்டாம் தேதி முதல் பெரிய வெடிப்பு. பதினைந்தாம் தேதி மலையின் தலையே காணாமல் போனது. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாவது பெரிய வெடிப்பு. பற்றாக்குறைக்கு அதே நாளில் ஒரு புயல் வேறு. மலையைச் சுற்றி இருந்த கருவிகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. 

மழையில் நனைந்த சாம்பல் பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்து சுமார் முந்நூறு பேர் அப்போது இறந்தார்கள். முகாம்களில் நோயால் பிறகு இன்னும் பலர். இதை வெற்றி என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் குறைந்தது ஐயாயிரம் பேர் பிழைத்தார்கள் என்பது யு.எஸ்.ஜி.எஸ். கணக்கு. சொத்தில் மிஞ்சியது குறைந்தது 25 கோடி டாலர். எனக்குத் தெரிந்து 'நடக்காத விபத்துக்கு' யாரோ உட்கார்ந்து போட்ட உருப்படியான வரவுக் கணக்கு இதுதான். நண்பனுக்கு அனுப்பி வைத்தேன். "ஆடிட்டட் ஃபிகரா?" என்று பதில் வந்தது.

எரிமலையில் இவ்வளவு முடிகிறதே, பூகம்பத்துக்கு ஏன் முடியவில்லை? எரிமலை இருக்கும் இடம் தெரியும். அது கிளம்ப நாள், வாரம், சமயத்தில் மாதக்கணக்கு ஆகும், வழியெல்லாம் சத்தம் போட்டுக்கொண்டு வரும். பூகம்பம் பல கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு புள்ளியில் உடைய ஆரம்பிக்கிறது. அது அரை கிலோமீட்டரில் நின்றுவிடுமா, ஐந்நூறு கிலோமீட்டர் ஓடுமா என்பது ஆரம்பத்தில் அதற்கே தெரியாது போலிருக்கிறது. கலிஃபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் சராசரியாக 22 வருஷத்துக்கு ஒரு தடவை பூகம்பம் வருகிறது என்று பார்த்து, 1993-க்குள் அடுத்தது வரும் என்று கருவிகளைக் குவித்துக் காத்திருந்தார்கள். 2004 செப்டம்பரில் சாவகாசமாக வந்தது. அத்தனை கருவியில் ஒன்றுகூட முன்கூட்டித் தெளிவாக எதையும் காட்டவில்லை. சீனாவில் 1975-ல் ஹைசெங் பூகம்பத்துக்கு முன் சின்ன அதிர்வுகளை நம்பி ஜனங்களை வெளியேற்றினார்கள், பலர் பிழைத்தார்கள். அடுத்த வருஷமே டாங்ஷானில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் பேர் போனார்கள்.

'தெரியாது' என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் அதைச் சொல்ல யாருக்கு வாய் வருகிறது? 2009-ல் இத்தாலியின் லாக்விலா நகரில் வாரக்கணக்கில் சின்ன அதிர்வுகள். ஊர் பயந்து போயிருந்தது. நிபுணர்கள் கூடிப் பேசினார்கள். அந்தச் சமயத்தில் ஓர் அதிகாரி டி.வி.யில், இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக சக்தி வெளியேறுவது நல்லதுதான், நிம்மதியாக இருக்கலாம் என்கிற ரீதியில் பேசினார். அதற்கு விஞ்ஞான ஆதாரம் கிடையாது. அதிர்ந்தால் வெளியே ஓடி ராத்திரியைத் தெருவில் கழிப்பது அந்த ஊர்க்காரர்களின் தலைமுறைப் பழக்கம். ஏப்ரல் 6 அதிகாலை, பலர் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு வீட்டிலேயே படுத்திருந்தார்கள். முந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 2012-ல் ஆறு விஞ்ஞானிகளுக்கும் அந்த அதிகாரிக்கும் ஆறு வருஷம் சிறை என்று தீர்ப்பு வந்தபோது, 'பூகம்பத்தைக் கணிக்காததற்கு ஜெயிலா?' என்று உலகம் முழுக்கத் தலைப்புப் போட்டோம். நிஜமான குற்றச்சாட்டு கணிக்காதது அல்ல. 'பயப்பட வேண்டாம்' என்று சொன்னதும், அபாயத்தைச் சரியாக எடுத்துச் சொல்லாததும்தான். 2014-ல் மேல்முறையீட்டில் விஞ்ஞானிகள் விடுதலையானார்கள். அதிகாரிக்கு தண்டனை குறைந்தது, ஆனால் போகவில்லை. எனக்கு அந்த இரண்டாவது தீர்ப்பு சரியாகத்தான் படுகிறது.

ஆர்மேரோவைப் புதைத்த அதே நெவாடோ டெல் ரூயிஸ் 2023 மார்ச் கடைசியில் மறுபடி ஆரம்பித்தது. இப்போது மலையைச் சுற்றிக் கருவிகள் இருக்கின்றன. ஒரே நாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குட்டி அதிர்வுகளை எண்ணினார்கள். அபாய நிலையை ஆரஞ்சுக்கு உயர்த்தினார்கள். மலையடிவாரத்தில் இருந்த சுமார் 2,500 குடும்பங்களைக் கிளம்பச் சொன்னார்கள். நிறையப் பேர் கிளம்பவில்லை. ஆர்மேரோ அவர்களுக்குத் தெரியாத கதை அல்ல. ஆனால் மாடு இருக்கிறது, உருளைக்கிழங்கு நட்டிருக்கிறது. நாங்கள் போய்விட்டால் பால் கறப்பது யார்? அரசாங்கம் ஆட்களுக்கு முகாம் தரும், மாட்டுக்குத் தருமா? ஜூன் கடைசியில் அபாய நிலை மஞ்சளுக்கு இறங்கியது. மலை பெரிதாக வெடிக்கவில்லை. கிளம்பிப் போயிருந்தவர்கள் திரும்பி வந்து, மிச்சமிருந்த மாடுகளை எண்ணிப் பார்த்தார்கள்.